அம்மாக்கள் கூட்டத்துக்கு வந்த அப்பா

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். மாலையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டால், கீழே சக்கரம் கழற்றும் சத்தத்தையும் மீறி மேலே வாய்ப்பாடு கேட்கும். ரப்பர் வாசனை சுவரில் ஏறி, புத்தகத்தில் ஏறி, கடைசியில் பிள்ளைகளின் தலைமுடியிலும் ஏறிவிட்டது. ஒரே அறைக்குள் ஆறு பேர் படுத்து எழும் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள். அவர்களுக்கு எழுதுவதற்கு ஒரு பலகையும் தலைக்கு மேல் ஒரு விளக்கும் கிடைப்பதே பெரிய விஷயம். பாடம் முடிந்தால் ஆளுக்கு ஒரு பன்னும் ஒரு டம்ளர் பாலும் உண்டு. அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அந்தப் படிப்பகத்தில் சம்பளம் வாங்குகிற ஆள் ஒருவரும் இல்லை. எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு நடத்துவது தெருமுனை மருந்துக்கடைக்காரம்மா. கணக்கு சொல்லிக்கொடுப்பவர் ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். பிள்ளைகளுக்கு அவர் கணக்கு சார். மூன்றாவது ஆள் ஆஜர் அக்கா.

ஆஜர் அக்காவுக்குப் பாடம் நடத்த வராது. அவள் தரை கூட்டுவாள், பால் காய்ச்சுவாள், மூக்குச் சிந்திவிடுவாள். அவளுடைய உண்மையான வேலை படிப்பகம் மூடிய பிறகுதான் ஆரம்பிக்கும். ஒரு பிள்ளை நாலைந்து நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் அவள் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எந்த மாடி, எந்தச் சந்து என்று பார்க்க மாட்டாள். கதவைத் தட்டி, "ஏன் புள்ள ஆஜர் ஆகல?" என்று கேட்பாள். அப்படி வந்த பெயர்தான் அது. அவள் வருகிறாள் என்று தெரிந்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட பிள்ளைகள் உண்டு. அவளோ கட்டிலுக்கடியிலும் குனிந்து பார்ப்பாள்.

"நீங்க மட்டும் என் டிபார்ட்மெண்ட்ல இருந்திருந்தா ஒருத்தன் மீட்டர்ல கை வச்சிருக்க மாட்டான்" என்பார் கணக்கு சார்.

அவளுக்கு இப்படி ஒரு பிடிவாதம் வந்ததற்குக் காரணம் அவளுடைய மகன். புருஷன் இல்லாமல் வளர்த்த பிள்ளை. காலையில் பையோடு கிளம்பினான், மாலையில் பையோடு திரும்பினான். அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஆவிக்குள் நின்று படுக்கை விரிப்புகளை உருளையில் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு முழுப் பருவம் அவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை என்பது, தேர்வு முடிவு கேட்கப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. டீச்சர் அவளைப் பார்த்து, "இன்னும் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறானா?" என்று கேட்டாள். அதற்குள் கை மீறிப் போய்விட்டது. இப்போது எங்கோ லாரி ஓட்டுகிறான். எப்போதாவது போன் வரும், பின்னால் என்ஜின் சத்தத்தோடு. அவள் அவனைத் திட்டுவதில்லை. "ஒருத்தராவது வாசல்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொல்லுவாள். பிறகு அந்த ஒருத்தராக அவளே ஆகிவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில் வராமல் போனவள் பென்சில். மூன்றாம் வகுப்பு. பென்சிலைப் போலவே ஒல்லி. எழுதுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். கணக்கில் கெட்டிக்காரி. ஒரு வாரமாக அவளுடைய இடம் காலியாக இருந்தது. ஆஜர் அக்கா குடையை எடுத்துக்கொண்டாள்.

பென்சிலின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியில் நின்று பொறுமையாகப் பேசி, பயம் தெளியவைத்து, வெளியே எடுப்பான் என்று அவனுக்கு நல்ல பெயர். குடி கிடையாது, சத்தம் கிடையாது. கதவைத் திறந்தவன் அவன்தான்.

"வாங்கக்கா. மழையில எதுக்கு இவ்வளவு தூரம்?"

"ஒண்ணுமில்ல தம்பி. பாப்பா ஒரு வாரமா படிப்பகத்துக்கு வரல. ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு பாத்துட்டுப் போலாம்னு."

"ஒரு வாரமா" என்றான் அவன், விலை கேட்டுத் தெரிந்துகொண்டவன் மாதிரி. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த மாறாத முகம்தான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லவேளை வந்து சொன்னீங்கக்கா. அக்காவுக்கு ஒரு டீ போடு" என்றான் உள்பக்கம் பார்த்து.

பென்சிலின் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பென்சில் அலமாரியை ஒட்டி நின்றாள். ஆஜர் அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பிள்ளையின் படிப்பைப் பற்றி நின்று கேட்கிற அப்பா லேசில் கிடைப்பானா?

"கணக்குல பயங்கர கெட்டி தம்பி. விட்டுடாதீங்க. இந்தக் காலத்துப் புள்ளைங்க நம்ம கண்ணுல மண்ணத் தூவிட்டுப் போயிடும். நாமதான் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திப் பாத்துக்கணும்."

"பாத்துக்கறேன்க்கா" என்றான் அவன்.

மாடிப்படி இறங்கும்போது அவள் மனது நிறைந்திருந்தது. மழை நின்றதுகூடத் தெரியாமல் குடையைப் பிடித்துக்கொண்டே வீடுவரை நடந்தாள்.

மறுநாள் மாலை அப்பாவே பென்சிலைக் கொண்டுவந்து விட்டான். பாடம் முடிகிற நேரத்துக்குப் படியின் கீழே வந்து நின்று கூட்டிக்கொண்டு போனான். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

"சாதிச்சிட்டீங்கக்கா" என்றார் கணக்கு சார். "ஒரு தடவ போய் நின்னீங்க, மனுஷன் வாட்ச்மேன் வேலைக்கே வந்துட்டார்."

அவளும் சிரித்தாள். ஆனால் பென்சில் பென்சிலைக் கடிக்கவில்லை. பாலைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆஜர் அக்கா பால் பாத்திரம் கழுவும் சாக்கில் அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"என்னடா கண்ணு? என்மேல கோவமா? வீட்டுக்கு வந்து மாட்டி விட்டுட்டேன்னா?"

பென்சில் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"எங்க போயி வெளையாடிட்டு இருந்த?"

"வெளையாடல. அம்மாகூட பெரியம்மாவப் பாக்கப் போனேன்."

துண்டு துண்டாகத்தான் வந்தது. பெரியம்மா என்பது அம்மாவின் அக்கா. பெரியம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணத்திலிருந்தே ஆகாது. பெரியம்மா பேரைச் சொன்னால் அப்பா சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் படிப்பகத்துக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, அம்மாவும் அவளும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், அப்பா வேலை முடிந்து வருவதற்குள் திரும்பிவிடுவார்கள்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"உங்க ஆஸ்பத்திரிதான். ஒருநாள் சீக்கிரமே போனப்ப உங்களப் பாத்தோம். துணி வண்டி தள்ளிட்டு வந்தீங்க. அம்மா என்னத் தூணுக்குப் பின்னாடி இழுத்துட்டாங்க. நீங்க ஏன் ஆஜர் ஆகலன்னு கேப்பீங்கன்னு."

ஆஜர் அக்கா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"இப்ப அம்மா போறாங்களா?"

"இல்ல. அப்பா போகும்போது வெளிய பூட்டிட்டுப் போறாங்க. அம்மா போனையும் வாங்கி வச்சுட்டாங்க." பிறகு அவசரமாக, "யார்கிட்டயும் சொல்லாதீங்க. யாராவது வந்து கேட்டா என்னக் கூட்டிட்டு எங்கயாவது போயிடுவேன்னு அப்பா சொன்னாங்க. அம்மா ராத்திரியெல்லாம் என் சட்டையப் புடிச்சுக்கிட்டே படுத்திருந்தாங்க."

கீழே அப்பாவின் குரல் கேட்டது. பென்சில் டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் பெண்கள் வார்டுக்கான துணி வண்டியைத் தானே கொண்டுபோவதாகச் சொல்லி ஆஜர் அக்கா வாங்கிக்கொண்டாள். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த பெரியம்மாவைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. தங்கையின் அதே நெற்றி, அதே மூக்கு. மற்றதெல்லாம் நோய் தின்றுவிட்டிருந்தது. கண் மட்டும் கூர்மையாக இருந்தது.

"புது ஆளா?" என்றாள் அந்த அம்மா. "வழக்கமா வர்றவ தலகாணிய வீசிட்டுப் போவா. நீங்க தட்டி வைக்கிறீங்க. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா."

"அப்போ உக்காருங்க. இங்க வர்றவங்க எல்லாரும் ஏதாவது எடுத்துட்டுத்தான் போறாங்க. ரத்தத்த எடுப்பாங்க, இல்லன்னா சாப்பாட்டுத் தட்ட எடுப்பாங்க."

ஆஜர் அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் என் தங்கச்சி வருவா" என்றாள் அந்த அம்மா, மூச்சு வாங்கி வாங்கி. "பொண்ணு இங்க, கால்மாட்டுல ஏறி உக்காந்துக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதும். பென்சிலத் தின்னுடும் அது. ரெண்டு மூணு நாளா காணோம். அந்த மாப்பிள்ள வேணாம்னு அன்னைக்கே சொன்னவ நான் ஒருத்திதான். அதுக்காகப் பத்து வருஷம் என்கிட்ட பேசாம இருந்தா. இப்பதான் பேச ஆரம்பிச்சா. மறுபடியும் கோவமோ என்னவோ. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கறவ இல்ல. ஏதாவது சொல்லித் தொலைச்சிருப்பேன்."

நான்தான் சொல்லித் தொலைத்தவள் என்று ஆஜர் அக்காவால் சொல்ல முடியவில்லை. "வருவாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற நர்ஸ் அவளுக்குப் பழக்கமானவள்.

"சொந்தமாக்கா? பாக்க வேண்டியவங்க இருந்தா சீக்கிரம் வரச் சொல்லுங்க. நாள் நிறைய இல்ல."

அன்று மாலை பிள்ளைகள் போன பிறகு அவள் எல்லாவற்றையும் மற்ற இருவரிடமும் கொட்டினாள். கணக்கு சார் ஒரு கிண்டலும் செய்யாமல் கேட்டார். மருந்துக்கடைக்காரம்மா போலீசுக்குப் போகலாம் என்றாள். போனால் அந்த ஆள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் யார் பொறுப்பு என்று அவளே கேட்டுக்கொண்டாள். இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவ ஓர் இல்லம் இருக்கிறது, நம்பர் வாங்கித் தருகிறேன், ஆனால் அந்தப் பெண் வாயால் சரி என்று சொல்ல வேண்டும் என்றாள். அந்தப் பெண்ணைப் பார்ப்பது எப்படி?

"அம்மாக்கள் கூட்டம் போடுவோம்" என்றாள் ஆஜர் அக்கா. "அம்மாதான் நேர்ல வரணும்னு கண்டிஷனா சொல்லுவோம். பூட்டத் தொறந்துதானே ஆகணும்? இங்க உக்காரவச்சு நீங்க பேசிட்டிருங்க. நான் பின்பக்கமா கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறேன்."

படிப்பகத்தில் அதுவரை அப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை. எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை அம்மாக்கள் வந்தார்கள். கடையைப் பாதியில் விட்டு வந்தவள், கைக்குழந்தையோடு வந்தவள், "என் பையன் என்ன செஞ்சான்னு மொதல்லயே சொல்லிடுங்க, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று கேட்டுக்கொண்டே படியேறியவள். பிள்ளைகளின் குட்டைப் பலகைகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். கடைசியாகப் படியில் கனமான செருப்புச் சத்தம் கேட்டது. லிஃப்ட் மெக்கானிக் பென்சிலின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"அவளுக்குத் தலைவலி. அதான் நானே வந்துட்டேன். பரவாயில்லையா?"

அம்மாக்களுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாருங்கடி. எங்க வீட்டுல இருக்கே ஒரு ஜென்மம். புள்ள எத்தனாவது படிக்குதுன்னு கேட்டா என்னப் பாக்கும்."

"தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு நீங்க ஒரு கிளாஸ் எடுங்களேன்."

யாரோ கை தட்டினார்கள். அவன் கூச்சத்தோடு சிரித்து, குட்டைப் பலகையில் மடங்கி உட்கார்ந்து, பென்சிலைத் தன் முழங்காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டான். மருந்துக்கடைக்காரம்மா திரும்பி ஆஜர் அக்காவைப் பார்த்தாள். கணக்கு சார்தான் முதலில் தெளிந்தார். கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் போட்டார். "வகுத்தல்னா என்ன? அதை அடிப்படையிலேருந்து பாத்துடுவோம்" என்று ஆரம்பித்து, ஆஜர் அக்காவைப் பார்த்துக் கண்ணைக் கதவுப் பக்கம் காட்டினார். அந்த மனிதர் வகுத்தலில் இறங்கினால் லேசில் கரையேற மாட்டார் என்பது படிப்பகத்துக்கே தெரியும்.

பால் வாங்கப் போவது போலப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் இறங்கினாள். பாத்திரத்தை டயர் கடையில் வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். வழியிலேயே வார்டு நர்சுக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். பென்சில் வீடு இருந்த கட்டடத்தில் சமையலறை ஜன்னல் எல்லாம் நடைவழியைப் பார்த்துத்தான் இருக்கும். கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பென்சிலின் அம்மா நின்றிருந்தாள், யாரோ வருவார்கள் என்று காத்திருந்தவள் போல. ஆஜர் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனாள்.

"போயிடுங்கக்கா. புண்ணியமாப் போகும்."

"அவரு அங்க உக்காந்திருக்காரு. சார் விடமாட்டார். கொஞ்ச நேரம் இருக்கு." ஆஜர் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நல்லதுன்னு நெனச்சுதான் வந்தேன்."

"தெரியும்" என்றாள் பென்சிலின் அம்மா. அவள் குரலில் கோபம் இல்லை, அயர்ச்சிதான் இருந்தது. "எல்லாரும் நல்லதுக்குத்தான்கா வர்றாங்க. அவரும் நல்லதுக்குத்தான் பூட்டுறாராம்."

ஆஜர் அக்கா இல்லத்தைப் பற்றிச் சொன்னாள். நம்பரைச் சொன்னாள். பென்சிலின் அம்மா அதை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப வேணாம். புள்ள அவர் கையில இருக்கு. எப்பன்னு நானே சொல்றேன். நீங்களா எதுவும் செஞ்சுடாதீங்க. இன்னொரு தடவ தாங்காது."

அந்தக் கடைசி வார்த்தையை ஆஜர் அக்கா தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். அவள் கையிலிருந்த போன் அடித்தது. வார்டு நர்ஸ். ஆஜர் அக்கா அதைக் கம்பிக்குள் நீட்டினாள்.

"உங்க அக்கா."

பென்சிலின் அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகுதான் வாங்கினாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். ஆஜர் அக்கா நடைவழியின் கோடிக்குப் போய் நின்றாள். ஆனாலும் காதில் விழுந்தது.

"சாப்பிட்டியா? கஞ்சியாவது? ... கோவமெல்லாம் இல்ல. நான் ஏன் கோவப்படறேன்? ... வேலைதான்க்கா. வீட்டுல வேலை... ஆமா, பாப்பா நல்லா படிக்குது... பேசாத, உனக்கு எரைக்குது. நான் பேசறேன், நீ கேளு."

பிறகு அவள் என்னென்னவோ பேசினாள். வெளுத்துப்போன ஒரு பச்சைச் சேலை, ஓடிப்போன ஒரு பூனை, சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து உடைத்து யாரிடமும் சொல்லாத ஒரு கண்ணாடி. அழாமல்தான் பேசினாள். நடுவில் சிரித்தாள்கூட. கடைசியில் பேச்சு நின்று, போனைக் காதில் வைத்தபடியே வெகுநேரம் நின்றாள். மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்திருக்க வேண்டும்.

கீழே தெருவில் கூட்டம் முடிந்து வரும் அம்மாக்களின் குரல் கேட்டது. ஆஜர் அக்கா ஓடிவந்து கையை நீட்டினாள். போன் சூடாக இருந்தது. பென்சிலின் அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். லிஃப்ட் மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. ஆஜர் அக்கா படி வழியாக இறங்கினாள்.

அந்த வாரக் கடைசியில் பெண்கள் வார்டுத் துணியோடு அவள் போனபோது ஜன்னலோரக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அவள் நர்ஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருஷ வேலையில் சுருட்டிய மெத்தையைப் பார்த்து யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. காலியான கட்டிலுக்குத் துணி விரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அன்று மாலை பென்சில் வந்தாள். பாலைக் குடித்தாள், கணக்குப் போட்டாள். பை மாட்டும் நேரத்தில் பின்கட்டுக்கு வந்தாள்.

"அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. பெரியம்மா எப்படி இருக்காங்கன்னு."

ஆஜர் அக்கா கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள். இந்தக் குழந்தையின் தலையில் இதை எப்படி ஏற்றிவிடுவது? இந்தக் குழந்தையை விட்டால் அந்தப் பூட்டிய வீட்டுக்குள் போக வேறு யார் இருக்கிறார்கள்? பொய் சொல்லலாம். சொன்னால் அவள் நாளைக்கும் கேட்டு அனுப்புவாள். அதற்கு மறுநாளும்.

"பெரியம்மாவுக்கு இப்ப வலி இல்லன்னு சொல்லு. அம்மாகிட்ட மட்டும் சொல்லு. அம்மாவும் நீயும் மட்டும் இருக்கும்போது."

"சரியாயிடுச்சா?"

"நான் சொன்னத அப்படியே சொல்லு கண்ணு. ஒரு வார்த்தை மாத்தாம. அம்மாவுக்குப் புரியும்."

பென்சில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள். ஆஜர் அக்கா படியின் தலைமாட்டில் வந்து நின்று பார்த்தாள். ஒவ்வொரு படியாக இறங்கும்போதும் பிள்ளையின் உதடுகள் அசைந்தன. கீழே அப்பா கையை நீட்டினான்.

"என்ன முணுமுணுத்துக்கிட்டே வர்ற?"

"வாய்ப்பாடு" என்றாள் பென்சில்.

"நல்லா சொல்லு" என்று சொல்லி, அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவன் நடந்தான்.